மூன்று கிளைம்காரி

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலையிலிருந்தே வெயில். காற்று இல்லை. வண்டியைத் துடைத்தேன். பதினைந்து நாளாகக் கொட்டகையில் நிற்கிறது, மேலே கனமான தூசி. இடது முன்விளக்கு உடைந்தபடி. இடது பக்கக் கண்ணாடி இல்லை. பம்பரை இவர் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார். துடைக்கத் துடைக்கக் கோபம். யார் மேல் என்று தெரியவில்லை.

செய்ய வேண்டியவை:
- இன்ஷூரன்ஸ் (முதலில் இதுதான். வேறு எதையும் தொடாதே.)
- விழுப்புரம் ஏஜெண்டுக்கு போன்
- ஃபவுண்டேஷன் இரண்டு ஷேட் தீர்ந்துவிட்டது
- சவுரி முடி அலசிக் காயவைக்க
- மரக்காணம் பக்கம் கலியபெருமாள் வீட்டுக்குப் போக. (தள்ளிப்போடாதே.)

28-ஆம் தேதி மேல்சித்தாமூரில் கல்யாணம். நயினார் வீட்டுப் பெண். விடிகாலை ஐந்து மணிக்குப் பெண் மணையில் உட்கார வேண்டும் என்றால் நான் மூன்று மணிக்கே அங்கே பெட்டியைத் திறந்திருக்க வேண்டும். திண்டிவனத்திலிருந்து அந்த நேரத்துக்கு எந்தப் பஸ்? மேக்கப் போடுகிறவளுக்கு பிரஷ் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு வண்டியும். இதை இந்த வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை.

எல்லாம் இந்த ஆடியால் வந்தது. ஜூலை 20-இல் பாலிசி முடிந்தது. அதற்கு முன்பே ஏஜெண்டுக்கு போன் செய்தேன். ஆடியில் எதற்கு மேடம், கல்யாணமும் கிடையாது, வண்டியும் சும்மாதானே நிற்கும், ஆவணி பிறந்ததும் நல்ல நாள் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்றார். இவரும் அதையே சொன்னார். நானும் தலையாட்டினேன். தலையாட்டியவள் வண்டியை எடுக்காமல் இருந்திருக்க வேண்டும். புதுச்சேரியில் ஆடித் தள்ளுபடி, மேக்கப் சாமான் பாதி விலை என்றதும் ஜூலை 28-ஆம் தேதி கிளம்பிவிட்டேன். திரும்பி வரும்போது கிளியனூர் தாண்டி ஒரு லாரி நின்றிருந்தது. அதைக் கடந்து இடது பக்கம் ஒதுங்கினேன். ஓரமாக மொபெட்டில் மீன் கூடையோடு கலியபெருமாள். பார்க்கவில்லை.

இடித்துவிட்டேன். அவருக்கு வலது கை முறிந்தது. நானே தூக்கி வந்து தி.வனம் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தேன். மாவுக்கட்டு, ஆறு வாரம். போலீசுக்குப் போக வேண்டாம் என்று அவர் வீட்டாரே சொல்லிவிட்டார்கள். செலவை நாங்கள் ஏற்றுக்கொண்டோம்.

தப்பு பாதிப் பாதி என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஒட்டவில்லை. தப்பு என்னுடையது.

ஆகஸ்ட் 14, வியாழன்

வி.புரம். பஸ்ஸில் போனேன், நின்றுகொண்டே. இன்ஷூ. இல்லாமல் இனி சாவியைத் தொடுவதில்லை என்று சபதம்.

ஏஜெண்ட் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில். ஃபேன் அவர் பக்கம் மட்டும் சுற்றுகிறது. கம்ப்யூட்டரில் என் நம்பரைத் தட்டினார். முகம் மாறியது. இரண்டு வருடத்தில் மூன்று கிளைம்.

அவை:
1. மண்டபத்துத் தூணில் ரிவர்ஸ்.
2. திருவாமாத்தூர் ரோட்டில் எருமை. எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை.
3. ரோட்டில் பாதி அகலத்துக்கு மல்லாட்டை காயப்போட்டிருந்தார்கள். ஏற்ற மனசு வராமல் ஒடித்தேன். கிலோமீட்டர் கல்.

மூன்றாவதற்கு என்னைப் பாராட்ட வேண்டும். ஒரு குடும்பத்தின் கடலை வெள்ளாமை.

ஏஜெண்ட் சொன்னது: கிளைம் கேட்காததற்குக் கொடுக்கும் போனஸ் எல்லாம் போய்விட்டது, பாலிசி காலாவதி, வண்டியைப் புதிதாகப் பரிசோதிக்க வேண்டும், இந்த அடியோடு பரிசோதனையில் தேறாது, முதலில் ரிப்பேர். அதற்கப்புறமும் பிரீமியம் போன வருடத்தைப் போல இரண்டரை மடங்கு. இரண்டு கம்பெனிகள் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டன. உங்களை ஹை ரிஸ்க் டிரைவர் என்று காட்டுகிறது மேடம் என்று திரையை என் பக்கம் திருப்பினார். அதில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. அவர் சொல்லாகத்தான் இருக்கும்.

ஆடியில் வேண்டாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்டேன். ஆமாம் மேடம், வண்டியை எடுக்கச் சொல்லவில்லையே என்றார். அதுவும் சரிதான். அதனால் இன்னும் கோபம்.

பிறகு செய்ததுதான் பொறுக்கவில்லை. நான் எதிரே உட்கார்ந்திருக்கிறேன், இவருக்கு போன் போடுகிறார். "சார், மேடம் கேஸ் கொஞ்சம் பேஜாரு. ஜென்ட்ஸ் யார் பேர்லயாவது மாத்திட்டீங்கன்னா ஈசியா முடிச்சிடலாம்." ஆர்.சி. என் பெயரில். லைசென்ஸ் என் பெயரில். பணம் என் பர்சில். பேசுவது மட்டும் இவரிடம்.

எழுந்து வந்துவிட்டேன். டீ கொண்டுவரச் சொல்லியிருந்தார், குடிக்கவில்லை. கீழே இறங்கி வேறு கடையில் குடித்தேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு. இவர் ஜெராக்ஸ் கடையைத் திறக்கவில்லை. பத்து மணிக்குக் கொழுந்தனார் பாபு வி.புரத்திலிருந்து வந்தார். கையில் மிட்டாய்ப் பெட்டி, கக்கத்தில் ஃபைல். மிட்டாயைப் பார்த்ததுமே தெரிந்தது, ஏதோ இருக்கிறது என்று.

ஃபைலில் ஃபார்ம் 29, ஃபார்ம் 30. வண்டியின் பெயர் மாற்றம். எல்லாம் நிரப்பியாகிவிட்டது, என் கையெழுத்துக்குப் பென்சிலில் பெருக்கல் குறி. பாபு போன வருடம் தன் வண்டியை விற்றவர். ஒரு கிளைம் கூட இல்லாதவர். அந்தப் போனஸுக்குக் கம்பெனி கொடுத்த கடிதம் இன்னும் செல்லுமாம். என் வண்டி அவர் பெயருக்கு மாறினால் இன்ஷூ. பாதி விலைக்கு வரும்.

"அண்ணி, வண்டி எங்க போயிடப் போவுது? ஒரு போன் பண்ணுங்க, நானே வந்து இட்டுக்கினு போறேன்."

விடிகாலை மூன்று மணிக்கு வி.புரத்திலிருந்து பாபு வந்து என்னை ஏற்றிப் போவாராம். பதினோரு மணிக் காப்பிக்கே பன்னிரண்டுக்கு வருகிறவர். அதை வாய்விட்டே சொல்லிவிட்டேன். இவர் முகம் சுருங்கியது.

பாபு நல்ல பிள்ளைதான். அதையும் எழுதிவைக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தது அவர்தான். ஆனால் வண்டி அவர் வீட்டு வாசலில் நிற்க ஆரம்பித்தால் அது அவர் வண்டி. நான் சவாரி. ஏழு வருடம் மணப்பெண்களின் கண்ணுக்கு மை தீட்டிச் சேர்த்த காசில் வாங்கியது. இவருடைய காசும் இல்லை, இவர் அப்பா காசும் இல்லை.

சாப்பிட்டு முடித்து பாபு போன பிறகு இவர் நிதானமாகச் சொன்னார். "ஒரு ஆளோட கைய ஒடைச்சிட்டு வந்துக்கிற. இன்னும் அதே சீட்டுல குந்தணும்னு உனக்கு எப்படித்தான் தோணுது வசந்தி?"

கேள்வி நியாயமானது. கேட்டவர் மேல் கோபம்.

கடைசியில் பேசி முடித்தது: 20-ஆம் தேதி புதன். அதற்குள் எனக்குக் கட்டுப்படியாகிற இன்ஷூ. கிடைத்தால் வண்டி என்னுடையது, யாரும் வாய் திறக்கக் கூடாது. கிடைக்காவிட்டால் கையெழுத்து. நானே ஒப்புக்கொண்டேன். வாய்க்கொழுப்பு.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்தது. வீட்டில் பாயசம். எனக்கு இறங்கவில்லை.

பகல் முழுக்க போன். ஆன்லைனில் ஏழு இடம் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே கேள்வி: போன பாலிசியில் கிளைம் உண்டா, இல்லையா. இல்லை என்று தொட்டால் விலை சிரித்த முகமாக வருகிறது. உண்டு என்று தொட்டால் ஒரே குதி.

ஒரு கம்பெனிப் பெண் திருப்பிக் கூப்பிட்டாள். குரல் தேன். இல்லை என்றே போட்டுவிடுங்கள் மேடம், நிறைய பேர் அப்படித்தான் போடுகிறார்கள் என்றாள். பிறகு அடிபட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அப்போது செக் பண்ணுவார்கள் என்றாள். செக் பண்ணினால்? லைன் சரியில்லை என்றாள்.

இல்லை என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்தது உண்மை. பணம் கட்டும் பக்கம் வரை போனேன். இங்கே எழுதினால்தான் நாளைக்கு மறுபடி தொடமாட்டேன். பொய்க் காகிதத்தை வைத்துக்கொண்டு ஓட்டுவதும் காகிதமே இல்லாமல் ஓட்டுவதும் எனக்கு ஒன்றுதான். அப்படி ஓட்டியதன் பலன் மாவுக்கட்டில் இருக்கிறது.

ஃபவுண்டேஷன் ஆர்டர் போட்டாயிற்று. சவுரி முடி காயவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

கலியபெருமாள் வீடு. போயே விட்டேன்.

தி.வனம்–மரக்காணம் பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ, அப்புறம் மணலில் நடை. ஆர்லிக்ஸ் மாதிரி எதுவும் வாங்காமல் முட்டையும் பழமும் வாங்கிப் போனேன். உப்புக் காற்று, ரவிக்கை முதுகோடு ஒட்டிவிட்டது.

அவர் கட்டிலில். கை நெஞ்சோடு தொங்குகிறது. வாங்க என்று சொன்னார், அதற்கப்புறம் கடலைப் பார்த்துக்கொண்டார். அவர் மனைவி அஞ்சலை வாசலில் கருவாடு பிரித்துக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். இப்போது மீன் கூடையை அவள்தான் தூக்கிப் போகிறாளாம், மொபெட் ஓட்டத் தெரியாது, ஆட்டோவில் போனால் மீன்வாடை என்று இறக்கிவிடுகிறார்களாம். கோபமில்லாமல் சொன்னாள். அதுதான் உறுத்தியது.

நான் ஏன் எல்லாவற்றையும் கொட்டினேன் என்று தெரியவில்லை. ஏஜெண்ட், பாபு, ஃபார்ம், புதன்கிழமை, எல்லாம். எல்லோரும் என்னை ஓட்டாதே என்கிறார்கள், நீங்கள் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் விட்டுவிடுகிறேன் என்றேன். கேட்கும்போதே தெரிந்தது, அவர்கள் தலையில் என் பாரத்தை இறக்குகிறேன் என்று.

அஞ்சலை கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நீ ஓட்டுனா எனக்கு இன்னா, ஓட்டாங்காட்டி எனக்கு இன்னா? நீ ஓட்டலன்னா இவரு கை நாளைக்கே கூடிடுமா? அன்னிக்கு உங்கிட்ட காயிதம் இல்ல. இருந்திருந்தா நான் பாட்டுக்கு வாங்க வேண்டியத வாங்கிக்கினு போயிருப்பேன். இப்ப நீ கொண்டாந்து குடுத்தா உண்டு, இல்லன்னா இல்ல. உன் மொகத்தப் பாத்துக்கினு நிக்க வேண்டிதா இருக்குது. எனக்கு அதான் அசிங்கமா இருக்குது."

கருவாட்டை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சொன்னாள். "போட வேண்டியத போட்டுக்கினு ஓட்டு. அடுத்த ஆளுக்காவது இந்தப் பொழப்பு வேணாம்."

முட்டையை வாங்கிக்கொண்டாள். பழத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

பஸ்ஸில் வரும்போது அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் வெற்றிலை கொடுத்தாள், ஏன் என்று கேட்கவில்லை.

இத்தனை நாளாக நான் இன்ஷூ. என்று அலைந்தது என் பம்பருக்கு, என் விளக்குக்கு. மூன்று கிளைமும் என் தகரத்துக்கு. மொபெட்டில் போகிறவர் அந்தக் காகிதத்தில் இருக்கிறார் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. வெட்கம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தி.வனத்திலேயே ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸ் இருக்கிறது. பத்து வருடமாக அந்த வழியாகக் காய்கறி வாங்கப் போகிறேன், ஏறியதில்லை. எல்லாவற்றுக்கும் வி.புரம் ஏஜெண்ட்தான் என்று பழக்கம். இன்று ஏறினேன்.

ஒரு அம்மா. ரிட்டயர்மெண்ட் நெருங்கும் வயது, கண்ணாடிக்குக் கயிறு, மேசையில் டிபன் டப்பா. நான் நின்றவாறே ஒப்பித்தேன்: என் பெயரில் மூன்று கிளைம், பாலிசி ஜூலையில் முடிந்துவிட்டது, முடிந்த பிறகு ஒருவர் கையை உடைத்தேன், வண்டி அடிபட்டுக் கிடக்கிறது, நான் ஹை ரிஸ்க் டிரைவர். எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிட்டால் முகம் மாறுவதை ஒரே தடவையில் பார்த்து முடித்துவிடலாம் என்று.

முகம் மாறவில்லை. உட்காரும்மா என்றார்.

"உன் வண்டிக்குக் காப்பு வேணுமா, நீ இடிக்கிற ஆளுக்குக் காப்பு வேணுமா?"

இடிக்கிற ஆளுக்கு என்றேன். யோசிக்கவே இல்லை.

அவர் விளக்கியது, மறக்காமல் எழுதிக்கொள்கிறேன். தேர்ட் பார்ட்டி என்பது எதிராளிக்கு. சட்டப்படி கட்டாயமானது அது மட்டும்தான். அதன் விலையை அரசாங்கம் வைக்கிறது, இன்ஜின் அளவைப் பார்த்து. மூன்று கிளைம்காரிக்கும் கலெக்டருக்கும் ஒரே விலை. கேட்டு வந்தவருக்கு இல்லை என்று சொல்லக் கூடாது. பரிசோதனையும் வேண்டாம். என் வண்டி அடிபட்டால் ஒரு பைசா வராது, அது என் பாடு.

விலையைச் சொன்னார். ஒரு மணப்பெண் மேக்கப் கூலியில் பாதி கூட இல்லை.

இதை ஏன் அவர் எனக்குச் சொல்லவில்லை என்று ஏஜெண்டைப் பற்றிக் கேட்டேன். அதில் கமிஷன் ரொம்பக் கொஞ்சம் என்றார். டப்பாவைத் திறந்து எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட ஆரம்பித்தார்.

ஒரு நிமிடம் எனக்கு அந்த மாடிக்குப் போய் ஃபேனைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது.

ஓட்டும் சொந்தக்காரருக்கு விபத்துக் காப்பும் சேர்த்துப் போட வேண்டுமாம். நாமினி யார் என்று கேட்டார். இவர் பெயரைச் சொன்னேன். சண்டையில்தான் இருக்கிறோம், இருந்தாலும் வேறு யார் பெயரைச் சொல்வது. வண்டிக்குள் உடன் வருகிறவர்களுக்கும் கொஞ்சம் கட்டினால் சேர்க்கலாம் என்றார். சேர்க்கச் சொன்னேன்.

மத்தியானம் மூன்றரைக்குக் காகிதம் கையில். சூடாக இருந்தது, பிரிண்டரிலிருந்து வந்ததும் வராததுமாக.

ஆகஸ்ட் 20, புதன்

வெயில். சாயங்காலம் தூறல்.

இவர் படித்தார், இரண்டு தடவை. "இதுல உன் வண்டிக்கு ஒண்ணும் இல்லியே."

இல்லை என்றேன். இடித்தால் கம்பி போட்டுக் கட்டித்தான் ஓட்டுவேன். இப்போதே அப்படித்தானே ஓடப்போகிறது.

பாபு போனில் சிரித்தார். அண்ணி, இது அரைகுறை பாலிசி, செல்லாது என்றார். எது செல்லும், எது செல்லாது என்று ஆபீஸ் அம்மாவிடம் கற்றுக்கொண்டதை அவருக்குப் பத்து நிமிடம் பாடம் எடுத்தேன். கடைசியில் சரிங்க அண்ணி என்று வைத்துவிட்டார்.

இவர் சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டார், உனக்கு பயமே இல்லியா என்று. இருக்கிறது என்றேன். கிளியனூர் என்ற பெயரைப் பஸ் பலகையில் பார்த்தாலே கை ஈரமாகிவிடுகிறது. லாரி நின்றால் நெஞ்சு நிற்கிறது. பயந்துகொண்டே ஓட்டுவேன். அது இனிமேல் நல்லதுதான். இதை இவரிடம் முழுதாகச் சொன்னது இன்றுதான்.

இவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். பிறகு டார்ச் எடுத்துப்போய் முன்விளக்கைப் பார்த்தார். பழைய சாமான் கடையில் இந்த மாடலுக்குக் கண்ணாடி கிடைக்கும், நாளைக்குப் பார்க்கிறேன் என்றார். டார்ச்சை வாங்கிப் பிடித்துக்கொண்டேன், வாயைத் திறந்தால் கெட்டுவிடும்.

ஃபார்ம் 30-இன் பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது. 28-ஆம் தேதிக்கு வேண்டிய சாமான் பட்டியலை அதில்தான் எழுதினேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

மேல்சித்தாமூர். போனேன், வந்தேன். விளக்கு எரிந்தது, கண்ணாடியும் வைத்தாயிற்று. நின்ற லாரி வழியில் மூன்று. மூன்றிலும் ஊர்ந்தேன், பின்னால் ஒருவன் ஹாரன் அடித்து ஓய்ந்துபோனான். பெண் நல்ல நிறம், கொஞ்சம்தான் வேலை. அழுது மையைக் கரைத்துவிட்டாள், மறுபடி போட்டேன். காலை உப்புமா, கேசரி. தூக்கம்.

ஏஜெண்டிடமிருந்து மெசேஜ்: ஸ்பெஷல் ஆஃபர் மேடம். பிளாக்.

செப்டம்பர் 8, திங்கள்

மேகமூட்டம். மாவுக்கட்டு பிரிக்கும் நாள். ஆறு வாரம் ஆகிவிட்டது. அவர்களைப் பஸ்ஸில் வரச்சொல்ல மனம் வரவில்லை. நானே வண்டியில் வருகிறேன் என்று நேற்று அஞ்சலைக்கு போன். வா என்றாள்.

மணல் வரை வண்டி போனது. கலியபெருமாள் சலவைச் சட்டை போட்டு, கழுத்துத் துணியில் தொங்கவிட்ட மாவுக்கட்டுக் கையோடு நின்றிருந்தார். நான் முன்கதவைத் திறந்தேன். ஏறவில்லை. பம்பரைப் பார்த்தார், இடது கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார்.

"காயிதம் போட்டுட்டியா?"

டாஷ்போர்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இடது கையால் வாங்கினார். தலைகீழாகப் பிடித்திருந்தார், அஞ்சலை திருப்பி வைத்தாள். எல்லாம் இங்கிலீஷ்.

"இதுல நான் எங்கக்கிறேன்?"

தேர்ட் பார்ட்டி என்ற வரியில் விரலை வைத்துக் காட்டினேன். ரோட்டில் நீங்கள் எதிரே வந்தால் இந்த வரி என்றேன். விரலைக் கீழே இறக்கி, வண்டிக்குள் உட்கார்ந்தால் இது என்றேன். அவர் இரண்டு வரிகளையும் தொட்டுப் பார்த்தார். இந்தக் காகிதம் ஜூலையில் இருந்திருக்க வேண்டும். அவரும் அதைத்தான் நினைத்திருப்பார்.

"அதான் ரெண்டுலயும் இருக்குறியே, ஏறு," என்றாள் அஞ்சலை. அவள் பின்சீட்டில் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

ஏறினார். பெல்ட் ஒரு கையால் வரவில்லை, நான் குனிந்து போட்டுவிட்டேன். தி.வனம் வரை நாற்பதைத் தாண்டவில்லை. தாண்ட அவர் விடவில்லை.